'க்ரானிக்' என்றால் முற்றிப்போச்சு என்று அர்த்தமில்லை

அப்பாவின் ரிப்போர்ட்டில் 'க்ரானிக் கிட்னி டிசீஸ்', இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு) 52 என்று இருப்பதைப் பார்த்து, கிட்னி போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பயப்படாதீர்கள். க்ரானிக் என்று டாக்டர்கள் எழுதுவது நோய் எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதைத்தான், கிட்னி விஷயத்தில் 3 மாதமோ அதற்கு மேலோ. எவ்வளவு கடுமை என்பதற்கு அந்த 52-ஐப் பாருங்கள். 45 முதல் 59 வரை 3ஏ நிலை, அதாவது லேசானதிலிருந்து நடுத்தரம் வரையான குறைவு; டயாலிசிஸ் பேச்சு பொதுவாக 15-க்குக் கீழே போனால்தான். திடீரென்று வருகிற 'அக்யூட்'தான் பல நேரம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். ஒரே டெஸ்டை வைத்து க்ரானிக் என்று எழுதியிருந்தால், 3 மாதம் கழித்து மறுபடி எடுக்கணுமா, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் போகிறதா என்று பார்த்தாச்சா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், மூட்டுவலிக்கு மெடிக்கலில் சொந்தமாக டைக்ளோஃபெனாக் (கிட்னியைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை) வாங்கிப் போடுகிறார் என்றால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.