மாடிக்குத் தனியாகப் போகும் தாத்தா

கேள்வி: என் அப்பா வாக்கியப் பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்தவர். ஏழாவது படிக்கும் என் மகளிடம் ‘சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது’ என்று சொல்லிக்கொடுத்தார். சாப்பிடும்போது அவள் எதிரிலேயே திருத்தினேன். பெரிய வாக்குவாதமாகி, மகளும் சிரித்துவிட்டாள். முன்பு தினமும் அவளை அழைத்துப்போய் நட்சத்திரம் காட்டுவார். ஒரு மாதமாகத் தனியாகத்தான் மாடிக்குப் போகிறார். இவருக்கு அறிவியலை எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பூமிதான் சுற்றுகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. இதற்கு என் சான்றிதழ் எதற்கு?

‘தனியாகத்தான் மாடிக்குப் போகிறார்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. அவர் போவது நிற்கவில்லை. பேத்தி போவதுதான் நின்றிருக்கிறது. யார் நிறுத்தியது? தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நீங்களே தடுத்திருந்தால் அது அநியாயம். அவளாகவே நின்றுவிட்டாள் என்றால் இன்னும் மோசம். தாத்தா என்றால் சிரிக்கலாம் என்பதை உங்களைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாள்?

கையில் போன் இல்லாமல் ரோகிணி எது, சுவாதி எது என்று உங்களால் அவளுக்குக் காட்ட முடியுமா? அவரால் முடியும். 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை (கணக்குக்கான எண்களைச் சொற்களாக்கி வைத்தவை) கொண்டே, ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரருக்குச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். விடும் நேரத்தில் 52 நிமிடம் தவறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா அந்த வழியில் வந்தவர். பூமியிலிருந்து பார்த்தால் வானம் எப்படித் தெரியுமோ அதைக் கணக்குப் போடுகிறவருக்கு, பூமி நடுவில் இருப்பதாகத் தோன்றுவதில் என்ன அதிசயம்?

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோபர்நிகஸ் புத்தகம் வந்தது 1543இல். பூமி நகர்ந்தால் விண்மீன்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டுமே என்று டைகோ பிராகி மாதிரி பெரிய வானியலாளரே கேட்டார். பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் அந்த மாற்றத்தை அளந்து சொன்னபோது 1838 ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் மட்டும் ரசம் சாதம் முடிவதற்குள் பெரியவர் ஒத்துக்கொண்டுவிட வேண்டும், இல்லையா?

பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமைதான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பெற்றவரைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து அவமானப்படுத்துவதை எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை. அவள் எதிரில் செய்தீர்கள், மன்னிப்பையும் அவள் எதிரிலேயே கேளுங்கள். இன்றைக்கே அவளை மாடிக்கு அனுப்புங்கள்.

அப்புறம், வசதிப்பட்டால் சின்னத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள். வெள்ளிக் கிரகம் நிலாவைப் போல வளர்ந்து தேய்வதைக் கலிலியோ 1610இல் அப்படித்தான் பார்த்தார். வெள்ளி சூரியனைச் சுற்றினால்தான் அது பிறையிலிருந்து முழு வட்டம் வரை எல்லா வடிவத்திலும் தெரியும். சில மாதம் பொறுமையாகப் பார்த்து, பேத்தியே தாத்தாவுக்குக் காட்டட்டும். நீங்கள் கீழேயே இருங்கள்.