ஐ.பி. படிப்பு பாரமா?

கேள்வி: மகளைப் பதினொன்றாம் வகுப்பில் ஐ.பி. (International Baccalaureate என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) டிப்ளமோவில் சேர்க்கலாமா? – ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அண்மையில் அதை முடித்த திருநெல்வேலிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. ஆறு பாடங்களுக்குத் தலா 7, நீள்கட்டுரைக்கும் (மாணவரே ஆய்வு செய்து எழுதுவது) அறிவுக் கோட்பாட்டுக்கும் (எதையும் எப்படி அறிகிறோம் என்று ஆராயும் பாடம்) சேர்த்து 3, ஆக மொத்தம் 45 மதிப்பெண். ஆனால் என்னை வாட்டியது 4,000 சொற்களுக்கு மிகாத அந்த நீள்கட்டுரைதான். அதற்காக விடுமுறைக்கு ஊர் வந்து, குறுக்குத்துறைப் படித்துறையில் விடியற்காலையில் தாமிரபரணி நீரைப் பழைய சர்பத் பாட்டில்களில் பிடித்துக் கடினத்தன்மையை அளந்தேன். பாட்டிலைச் சரியாகக் கழுவாததால் முதல் வாரத்து அளவுகள் அத்தனையும் வீணாயின. (அம்மாவுக்கு இன்றும் அது சிரிப்புதான்.) அந்தத் தவற்றையும் மறைக்காமல் கட்டுரையில் எழுத வேண்டியிருந்தது, மனப்பாடத்தில் வளர்ந்த எனக்குப் புதிதாக இருந்தது. தானே தேடிப் படிக்கும் பிள்ளை என்றால் சேருங்கள். கட்டணத்தை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.