விமானச் சட்டம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கோலாலம்பூரில் விமான வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞன் நான். விமானி உரிமம், விமான நிலைய அனுமதி, டிரோன், இந்த மூன்றும்தான் என் வட்டாரம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதிகாரி வாயால் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். கடிதம் கைக்கு வந்த தேதியை உறை மேலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி (கிள்ளான்): ஐயா, என் மகன் அமெரிக்காவில் விமானிப் பயிற்சி எடுக்கிறான். தனியாகப் பறந்தபோது அனுமதி வாங்காமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போய்விட்டானாம். அங்குள்ள அரசு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவிலிருந்து விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது, 10 நாளில் பதில் கேட்கிறார்கள். நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்களா?

பதில்: அம்மா, இப்போதே மகனைக் கூப்பிட்டு எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள். 2012இல் அங்கே விமானிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு, பதில் தருவது கட்டாயமில்லை, தராததை வைத்து அவன்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது, தந்தால் அது அவனுக்கு எதிரான சான்றாகலாம் என்பதையெல்லாம் எஃப்ஏஏ விமானியிடம் சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் கடிதம் நல்ல பிள்ளை எழுதும் கடிதம்தான், ஆனால் வழக்கில் அது ஒப்புதல் வாக்குமூலம். அதற்காக எப்போதும் வாயைத் திறக்காமல் இருப்பதே சரி என்று நான் சொல்லவில்லை. 2015க்குப் பிறகு தெரியாமல் செய்த தவறுகளைக் கூடுதல் பயிற்சி, அறிவுரையோடு முடித்துவிடும் வழியும் அங்கே இருக்கிறது, ஒத்துழைக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அங்குள்ள விமான வழக்கறிஞர் கடிதத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் ஒன்று உண்டு. சம்பவம் நடந்து, அல்லது தவறு தெரியவந்து, 10 நாளுக்குள் அதில் அறிக்கை கொடுத்திருந்தால், மீறல் உறுதியானாலும் தண்டனை விதிக்க மாட்டார்கள். வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றச் செயலாகவோ இருக்கக் கூடாது, முந்தைய 5 ஆண்டுகளில் வேறு மீறல் இருக்கக் கூடாது. கொடுத்துவிட்டானா என்று கேளுங்கள். நாளைக்கு உரிமத்தை முடக்கி உத்தரவே வந்தாலும் அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பியிடம் மேல்முறையீடு செய்ய 20 நாள் உண்டு, அவசர உத்தரவு என்றால் 10 நாள்தான். எதிலும் தேதி, தேதி, தேதி.

கேள்வி (பினாங்கு): அண்ணே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் டிரோன் விடலாமா? என்னுடையது சின்னதுதான், ஒரு கிலோ கூட வராது.

பதில்: தம்பி, எடை உங்களைக் காப்பாற்றாது. 2016 சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி, கேமரா வைத்த டிரோனை ஆயிரம் பேருக்கு மேல் கூடும் திறந்தவெளிக் கூட்டத்துக்கு 150 மீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். தைப்பூசத்தில் ஆயிரம் பேர் முதல் படியிலேயே நிற்பார்கள். மேலிருந்து படம் எடுக்க நில அளவைத் துறையான ஜூபெமின் அனுமதியும் வேண்டும். ‘கோயிலில் கேட்டேன், சரி என்றார்கள்’ என்பது அனுமதி ஆகாது. எழுத்தில்!

கேள்வி (செராஸ்): விமானம் ஆறு மணி நேரம் தாமதம். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைக் கேட்கலாம், பணம் செலுத்திய அதே வழியில் 30 நாளுக்குள் தர வேண்டும். 2 மணி நேரம் தாண்டினாலே சாப்பாடு தர வேண்டும். முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். முன்பு பயணிகள் புகாரைப் பார்த்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1இல் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்முடன் இணைந்துவிட்டது, அடுத்த புகார் சிஏஏஎம்மிடம்தான்.

கேள்வி (ஈப்போ): சார், விமானம் ஏழு மணி நேரம் லேட், ரீஃபண்டு உண்டா?

பதில்: செராஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சுபாங்): சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறேன். ஹேங்கர் ஒப்பந்தம் முடிகிறது, இனி இடமில்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். மக்கள் பணத்தில் கட்டிய விமான நிலையம், எங்களை எப்படித் துரத்தலாம்?

பதில்: அமெரிக்காவாக இருந்தால் உங்கள் வாதம் பாதி வென்றிருக்கும். மத்திய அரசின் மானியம் வாங்கிய விமான நிலையம் எந்த வகை விமானத்தையும் நியாயமில்லாமல் ஒதுக்கக் கூடாது, ஒதுக்கினால் எஃப்ஏஏவிடம் புகார் செய்யலாம். கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரம் தன் விமான நிலையத்தில் 2008இல் வேகமான ஜெட்களுக்குத் தடை போட்டது, எஃப்ஏஏ எதிர்த்தது, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகரத்தின் பக்கம் நிற்கவில்லை. இங்கே அப்படி மானியத்தோடு வரும் வாக்குறுதி கிடையாது. உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தம், அதற்கு மேல் அமைச்சின் கொள்கை. முடிவு எடுத்தது பொது அமைப்பு என்றால் நீதித்துறை மறு ஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பதை, கேட்கலாம், ஆனால் முடிவு தெரியவந்து 3 மாதத்துக்குள். வாய்மொழி முடிவுக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? இதற்குத்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

இடையில் (பெட்டாலிங் ஜெயா): சாண்டா மோனிகா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. 2017இல் உடன்பாடு வந்தது, 2028 முடிந்ததும் அந்த நிலையத்தை நகரம் மூடலாம். குடியிருப்பவர்கள்தானே ஜெயித்தார்கள்? சுபாங்கில் 2024 ஆகஸ்ட்டில் மறுபடியும் பயணிகள் ஜெட் வந்ததே, எங்களைக் கேட்டார்களா? தூங்குவது நாங்கள்.

பதில்: மறுக்கவில்லை. ஓடுபாதையையும் 3,500 அடியாகக் குறைத்தார்கள். ஆனால் எப்படி ஜெயித்தார்கள் என்று பாருங்கள்: தடை போட்டதில் தோற்றார்கள், எத்தனையோ வருடம் வழக்காடி, எல்லாரும் படிக்கக்கூடிய ஓர் உடன்பாட்டில் முடித்தார்கள். இத்தனை மணிக்கு மேல் ஜெட் வேண்டாம் என்று நீங்களும் கேளுங்கள், நான் கூட நிற்கிறேன்.

இடையில் (சுபாங்): அதற்கு என் நான்கு சீட் விமானமா பலி?

இடையில் (பெட்டாலிங் ஜெயா): உங்கள் பொழுதுபோக்குக்காக என் பிள்ளை விழித்திருக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். சுபாங்காரரைக் கேட்காமல் வெளியே போகச் சொல்கிறார்கள், உங்களைக் கேட்காமல் ஜெட்டை உள்ளே விட்டார்கள் என்கிறீர்கள். யாருக்கு இடம், எந்த நேரம், என்ன காரணம் என்று எழுதி வெளியிட்ட விதி இருந்தால் இருவருமே அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். விதியே கண்ணுக்குத் தெரியாவிட்டால் எதை எதிர்த்து மனு போடுவது? எனக்குக் கோபம் அங்கேதான்.

கேள்வி (ரவாங்): எட்டு மணி நேரத் தாமதத்துக்கும் அதே விதியா?

பதில்: ஆம்.

சுபாங் நண்பரே, ‘இனி இடமில்லை’ என்ற முடிவு எந்த நாள், யாரால் எடுக்கப்பட்டது என்று கேட்டு நாளைக் காலையே மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்ததும் ஒப்பந்தத்தோடு எனக்கு அனுப்புங்கள்.