கேட்டதும் சொன்னதும்: அஞ்சு சென்டை இப்போது விற்காதீங்க

"அண்ணாச்சி, என் மகனுக்கு ஆறு வயசு. ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி நாலு மாதமாகத் திருவனந்தபுரத்தில் வைத்தியம் நடக்கிறது. அவங்க அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. நகை எல்லாம் அடகில் இருக்கிறது. மிச்சம் இருப்பது வீட்டுக்குப் பக்கத்து அஞ்சு சென்ட். அதைக் கேட்டு ஒருத்தர் வந்துகொண்டே இருக்கிறார். கொடுத்துவிடலாமா?"
– பெயர் வேண்டாம், குலசேகரம் பக்கம்

இப்போது கொடுக்காதீங்க தங்கச்சி. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்க எழுதியிருந்த செலவுக் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மருந்து, ஊசி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தும் அதில் பாதி வரவில்லை. மீதி முழுக்க வண்டி, லாட்ஜ், ஹோட்டல் சாப்பாடு, அப்புறம் ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து கூட்டிப் போன பிள்ளைகளுக்கு பஸ்ஸும் சாப்பாடும். போன மாதம் உங்க வீட்டுக்காரர் வெட்டுக்குப் போகாத 17 நாள் கூலியை நீங்க கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான் பென்சிலால் ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொகை.

ஏ.எல்.எல். என்று சீட்டில் இருப்பதாக எழுதியிருக்கீங்க. குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோயில் அதிகமாகக் காண்பது அதுதான், முழுசாக வைத்தியம் முடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து வருகிற நோயும் அதுதான். ஆனால் முழுசாக முடிக்க இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். முதல் ஆறேழு மாதம் ஊசியும் அட்மிஷனுமாகப் பணம் கொட்டும். அதற்கப்புறம் வீட்டிலிருந்தே தினமும் மாத்திரை, வாரத்துக்கு ஒரு தடவை வேறொரு மாத்திரை, இடையிடையே செக்கப். செலவு குறைகிற காலம் அது. பிள்ளைக்கு முடி முளைத்திருக்கும், முற்றத்தில் ஓடி விளையாடுவான். அந்த நேரம் பார்த்து கையில் ஒரு காசு இருக்காது. "அதுதான் நல்லா இருக்கானே, ஒரு மாதம் கழிச்சுப் போகலாம்" என்று வாயில் வரும். எனக்குப் பயம் அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான். நிலம் கடைசிக் கைமுதலாக இருக்கட்டும். அவசரத்தில் விற்கிறவனுக்கு நியாயமான விலை கிடைத்து நான் பார்த்ததில்லை, வந்து நிற்கிறவருக்கும் அது நல்லாத் தெரியும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, எடுக்கவில்லையா? வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் எடுக்கலாம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. இ-சேவையில் வருமானச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டு, அது வந்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்க. அந்த அட்டை நீங்க போகிற ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்க. செல்லாது என்றால், மாத்திரைக் காலத்தில் கொஞ்சம் வைத்தியத்தையாவது தமிழ்நாட்டில் பார்க்க முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்க. அவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் மாறலாம், நீங்களாக மாற்றிவிடாதீங்க.

பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. ஆபீஸ் மூலமாக எழுதலாம். இனி ஆகப்போகிற செலவுக்கு ஆஸ்பத்திரி கொடுக்கும் எஸ்டிமேட் வேண்டும். கட்டி முடித்த பில்லைக் கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்லை, அதனால் தள்ளிப்போடாதீங்க. ரயிலில் புற்றுநோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் ஃபார்ம் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்கணும். குழித்துறையிலிருந்து போகிற தூரத்துக்கு மிச்சமாவது சின்னக் காசுதான். ரத்த அணு குறைந்திருக்கிற நாளில் அந்தச் சின்னக் காசுக்காகப் பிள்ளையைக் கூட்டத்தில் ஏற்றாதீங்க.

நகைக் கடனுக்கு வட்டியைக் கட்டி, வருஷம் முடியும் முன்னே புதுப்பித்துவிடுங்க. கந்துவட்டிப் பக்கம் போகவே வேண்டாம். 2003-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்தாச்சு, ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவன் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை.

இன்னொன்று, இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்க. ஒரு டப்பாவில் ராத்திரி கார் வாடகைக்கு ஆகிற பணத்தைப் போட்டு வையுங்க. ஜூன் மாத இடவப்பாதி மழையில் ரப்பர் வெட்டு நின்று அரிசிக்கே இல்லை என்றாலும் அதைத் தொடாதீங்க. கீமோ நடக்கிற பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே ஆஸ்பத்திரி. என் தங்கச்சி மகளுக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் ஏறியது. கார் வாடகை மிச்சம் என்று முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "காலையில் பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

"எங்க ஊர்ப் பையனுக்காக வாட்ஸ்அப்பில் பணம் திரட்டுகிறோம். போட்டோ போட்டால்தான் ஆட்கள் கொடுப்பார்கள் என்கிறார்கள். போடலாமா?"
– இளைஞர் ஒருவர், கருங்கல்

மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக உள்ள படத்தைப் போடாதீங்க தம்பி. இரண்டு வருஷம் கழித்து அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் அந்தப் படம் யாராவது ஒருத்தர் போனில் இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயரையும் நம்பரையும் மறைத்துப் போடுங்க, போதும். பணம் அப்பா அம்மா கணக்குக்கோ நேராக ஆஸ்பத்திரிக்கோ போகட்டும், உங்க கணக்கில் வேண்டாம். நீங்க யோக்கியர்தான், ஆனாலும் ஊர் வாய் இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வரவு செலவை வாசித்துவிடுங்க. ஒரேயடியாகத் திரட்டிக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, இருபது பேர் மாதம் 200 ரூபாய் என்று இரண்டு வருஷம் கொடுக்கிற மாதிரி ஒரு சீட்டுப் போல நடத்திப் பாருங்க.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேன்சர். பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போகலாம்?"
– வாசகி, தக்கலை

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அங்கே ஏற்கெனவே மலைபோல இருக்கும். கூட்டமாகப் போகாதீங்க, சளி இருந்தால் போகவே போகாதீங்க. கரண்ட் பில் அட்டையைக் கேட்டு வாங்கி நீங்க கட்டிவிடுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு அக்கா இருப்பதாக எழுதியிருக்கீங்களே, சாயங்காலம் அவள் ஸ்கூல் விட்டு வந்து பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டு ஒரு சாயா போட்டுக் கொடுங்க, வீட்டுப்பாடம் எழுத ஒரு மேசையும்.