குளிர்லயும் பயத்துலயும் ஏன் உடம்பு புல்லரிக்குது? பாட்டு கேட்டாக்கூட வருதே?

முடியோட வேர்ல ஒரு குட்டி தசை ஒட்டிட்டு இருக்கும், அது சுருங்கினா முடி நட்டுக்கும், சுத்தி இருக்கற தோல் புள்ளி புள்ளியா எழும்பும், மேட்டர் அவ்ளோதான். அந்த தசை நாம சொன்னா கேக்காது, குளிரோ பயமோ வந்தா தானா இயங்கற நரம்புங்கதான் அத இழுக்கும். நாயப் பாத்ததும் பூனை முதுக வளைச்சு வால உப்பிக்கிட்டு நிக்கும்ல, அதே வேலைதான் இது, முடி நட்டுக்கிட்டா ஆள் பெருசா தெரியும், குளிர்லன்னா நடுவுல காத்து மாட்டிக்கும், சூடு சீக்கிரம் வெளிய போகாது. நமக்கு அந்த அடர்த்தியான ரோமம் போயிடுச்சு, ஸ்விட்ச் மட்டும் பாக்கி. பாட்டுக்கு சிலிர்க்கும்போது மூளைல டோபமைன்ங்கற, சந்தோஷ உணர்வோட சம்பந்தப்பட்ட ரசாயனமும் சுரக்குது. நாதஸ்வரம் திடீர்னு உச்சத்துக்கு ஏறும்போது கையப் பாருங்க, முழங்கை வரைக்கும் சிலிர்த்து நிக்கும், உள்ளங்கைல மட்டும் ஒண்ணும் இருக்காது, அங்கதான் முடியே கிடையாதே!