பனியன் கம்பெனி தையல் லைன்: கேள்வி பதில்

லைன் சூப்பர்வைசர், அவினாசி: ரவுண்ட் நெக் டி-ஷர்ட். ஷிப்டுக்கு 800 பீஸ் கேக்கறாங்க, 600 தாண்ட மாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்ண்ணா?

8 மணி நேரம் என்றால் 28,800 விநாடி. 800 வேண்டுமானால் 36 விநாடிக்கு ஒரு பீஸ் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஆபரேஷனிலும் பத்து பீஸுக்கு நேரம் எடுங்கள். ஊசி ஓடும் நேரம் மட்டும் போதாது; ஒரு பீஸை எடுத்ததிலிருந்து அடுத்ததை எடுக்கும்வரை கணக்கு. 600-ல் நிற்கிறதென்றால் யாரோ ஒருவரிடம் 48 விநாடி ஆகிறது. அவர் முன்னால் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) குவிந்திருக்கும், அடுத்தவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அது கை (ஸ்லீவ்) ஏற்றும் ஓவர்லாக், அதாவது ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின், என்று வையுங்கள். உடம்பும் கையும் ஒரே நம்பரில் ஜோடியாக வருகிறதா, டெய்லரே தேடுகிறாரா? பண்டில் அவிழ்ப்பது, நூல் வெட்டுவது, அடுக்குவதைக் கைமடிக்கு (உதவி ஆளுக்கு) கொடுங்கள். அப்படியும் 36-க்கு வராவிட்டால்தான் இரண்டாவது மெஷின். பிறகு கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) தைப்பது 40 விநாடியில் இருந்தால் 720-ல் முட்டும், அங்கே போங்கள். நெருக்கடி இல்லாத இடத்தில் வேகம் கூட்டினால் குவியல்தான் கூடும்.

பண்டிலுக்கு 30 பீஸ் போடறோம். குறைக்கலாமா?

குறையுங்கள். ஆறு ஆபரேஷன், தலா 40 விநாடி: 30 பீஸ் பண்டில் வெளியே வர 2 மணி நேரம், 5 பீஸ் பண்டிலுக்கு 20 நிமிடம். தையல் தப்பும் அவ்வளவு சீக்கிரம் செக்கிங்கில் சிக்கும். கட்டிங்கில் நம்பர் ஒட்டும் வேலை கூடும். அதற்கு ஆள் போட்டுவிட்டுக் குறையுங்கள்.

கைசன் (சின்னச் சின்னதா வேலையைச் சீர் பண்ணிட்டே இருக்கறது) எல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் சார் செட் ஆகும்.

சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-லேயே தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கிவிட்டது. அடுத்த கேள்வி.

ஸ்டைல் மாத்தினா பிளாட்லாக் (மடிப்பு தைக்கற மெஷின்) அரை நாள் நிக்குது.

டொயோட்டாவில் 1969-ல் 1000 டன் பிரஸ்ஸின் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜப்பானிய இன்ஜினியர் ஷிகேயோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிடம், பிறகு 3 நிமிடம் ஆக்கினார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை முன்கூட்டியே செய்வதுதான் முதல் வேலை. நூல் கோன், ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் கருவி), ஊசி எல்லாம் முந்தின நாளே ட்ரேயில் இருக்கட்டும். வேஸ்ட் துணியில் தைத்துப் பார்ப்பதை ஸ்பேர் மெஷினில் முடியுங்கள்.

800 வரலை. புது மெஷின் வாங்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஓவர்லாக் டெய்லர்: நாங்க ஐடியா சொல்லி வேகம் கூடுச்சு. உடனே பீஸ் ரேட்டைக் குறைச்சுட்டாங்க.

அப்படியானால் அடுத்த ஐடியா வராது. நேரம் எடுக்கும்போது எல்லோரும் மெதுவாகத் தைப்பார்கள், நேரம் குறித்த தாளே பொய்யாகிவிடும்.

கம்பெனி ஓனர்: ஃபோல்டர் என் காசுங்க! ரேட்டைக் குறைக்காம எனக்கு என்ன லாபம்?

வாடகை, கரண்ட், சூப்பர்வைசர், செக்கிங் சம்பளம் சேர்த்து ஷிப்டுக்கு 6,000 ரூபாய் என்று வையுங்கள். 600 பீஸில் பீஸுக்கு 10 ரூபாய், 800-ல் 7.50. உங்கள் லாபம் அங்கே இருக்கிறது. ஓடுகிற ஆர்டரில் ரேட்டைத் தொடாதீர்கள். புது ஸ்டைலுக்கு டெய்லரை வைத்துக்கொண்டே பேசுங்கள்.

டெய்லர்: பேச மாட்டாருங்ண்ணா.

ஓனர்: நீ மொதல்ல லீவு போடாம வா!

வருகைச் சண்டை இங்கே வேண்டாம்.

எந்த ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு சாஃப்ட்வேர்) வாங்கலாம்?

என் துறை இல்லை.

இன்சென்டிவ் யாருக்குக் குடுக்கறது?

லைன் முழுவதற்கும், செக்கிங்கில் பாஸான பீஸுக்கு மட்டும். தனி ஆளுக்குக் கொடுத்தால் அவர் வேகமாகத் தைத்து அடுத்தவர் முன்னால் குவிப்பார். ஆல்டரும் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸும்) சேர்ந்து குவியும்.