இரண்டு விரலில் வேகமாக அடிக்கும் மகளுக்குத் தட்டச்சுப் பயிற்சி எதற்கு?

மகள் இரண்டு விரலாலேயே வேகமாகத்தான் அடிக்கிறாள், கல்லூரிக்குப் போகிற நேரத்தில் விசைகளைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிக்கும் முறையைத் தனியாகக் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கற்கட்டும். அவள் அடிக்கும்போது விரல்களை விட்டுவிட்டுக் கண்களைக் கவனியுங்கள். திரைக்கும் விசைப்பலகைக்கும் மாறி மாறிப் போய்வந்துகொண்டே இருக்கும். 1888இல் சின்சினாட்டியில் நடந்த தட்டச்சுப் போட்டியில் ஃபிராங்க் மெகரின் ஜெயித்ததற்கு அவர் விசைகளைப் பார்க்காததே பெரிய காரணம். அவர் கண் தாளை விட்டு நகரவில்லை. தட்டச்சு மட்டும் தெரிந்தால் வேலை கிடைத்துவிடாது, உண்மைதான். ஆனால் நிரல் எழுதினாலும், மொழிபெயர்த்தாலும், வாடிக்கையாளருக்குச் சாட்டில் பதில் சொன்னாலும், கவனம் முழுக்க விஷயத்திலேயே இருக்க இது உதவும்.

எஃப், ஜே விசைகளைத் தடவிப் பார்த்தால் சின்ன மேடு தட்டுப்படும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அங்கே. மற்ற விரல்கள் அதே வரிசையில் ஏ, எஸ், டி மேலும், கே, எல், அரைப்புள்ளி மேலும் உட்கார வேண்டும். ஸ்பேஸ் பார் கட்டைவிரலுக்கு. எந்த விசைக்குப் போன விரலும் உடனே தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். பலர் கோட்டைவிடுவது ஷிஃப்டில்தான். பெரிய எழுத்து 'ஏ' அடிக்க வலது சுண்டுவிரல் ஷிஃப்டை அழுத்த வேண்டும். இரண்டையும் இடது கையாலேயே செய்தால் மணிக்கட்டு கோணிக்கொள்ளும்.

அப்புறம், உட்காரும் விதம். பாதம் தரையில் படியட்டும், முழங்கை ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கட்டும். அடிக்கும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றக் கூடாது. விசைப்பலகையின் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கியே வையுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மடிக்கணினி என்றால் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திவிட்டுத் தனி விசைப்பலகை கொடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று கழுத்து குனியும், இல்லை தோள் தூக்கிக்கொள்ளும். விரல் மரத்துப்போனாலோ வலித்தாலோ பயிற்சியை நிறுத்தட்டும்; தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி நீங்கள் பொறுமை காக்க வேண்டிய கட்டம். முதல் சில வாரங்களில் அவள் வேகம் பாதிக்கும் கீழே விழும். நிமிடத்துக்கு 35 சொல் அடித்தவள் 12க்கு வந்து நிற்கலாம். (இந்தக் கணக்கில் இடைவெளியும் சேர்த்து 5 தட்டல் ஒரு சொல்.) "பழைய மாதிரியே அடித்துக்கொள்கிறேன்" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து அப்போது வேகத்தைக் கேட்காதீர்கள், எத்தனை பிழை என்று கேளுங்கள். 100 தட்டலில் 95 சரியாக விழும்வரை வேகத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். தப்பாகப் பழகிய விரலைத் திருத்துவது, புதிதாகப் பழக்குவதைவிடக் கஷ்டம். கண் கீழே போய்க்கொண்டே இருந்தால் கைகள் மேல் மெல்லிய துணி ஒன்றைப் போட்டுக்கொள்ளட்டும்.

தினம் 20 நிமிடம் போதும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது நன்றாகக் கையில் நிற்கும். எல்லா எழுத்தும் பிடிபடும்வரை அவசர வேலையைப் பழைய முறையில் முடித்துக்கொள்ளலாம். பிடிபட்ட பிறகு, நண்பருக்கு அனுப்பும் இரண்டு வரி மின்னஞ்சலைக்கூடப் பத்து விரலால்தான் அடிக்க வேண்டும். வகுப்பு தொடங்கிவிட்டால் வேகம் குறைவதைத் தாங்க மனம் வராது, அதனால் விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.